டிஎஸ்எல்ஆரிலிருந்து அஸ்ட்ரோ கேமராவுக்கு: பெங்களூரு மொட்டை மாடிக்கு ஒரு வழிகாட்டி

பழைய டிஎஸ்எல்ஆரை டெலஸ்கோப்பில் மாட்டி ஓரியன் நெபுலாவை ஓரளவுக்கு எடுத்துவிட்டீர்கள். ஆனால் சிவப்பு மட்டும் வரவே மாட்டேன் என்கிறது. படத்தைக் கொஞ்சம் இழுத்தாலே புள்ளி புள்ளியாக இரைச்சல் எழுகிறது. அடுத்தது அஸ்ட்ரோ கேமராதான் என்று மனசு சொல்லும். சொல்வது சரிதான். ஆனால் இந்தக் கேமராவில் திரை கிடையாது, பட்டன் கிடையாது, பேட்டரி கிடையாது, மெமரி கார்டும் கிடையாது. டிஎஸ்எல்ஆர் தனக்குள்ளேயே பார்த்துக்கொண்ட வேலையெல்லாம் வெளியே வந்து லேப்டாப், கேபிள், கரன்ட் என்று உங்கள் தலையில் விழும். எந்த மாடல் என்று மண்டையைக் குடைந்துகொள்வதில் பாதி நேரத்தை இந்த மூன்றுக்கும் கொடுத்தால் முதல் அமாவாசையிலேயே உருப்படியான படம் கிடைத்துவிடும்.

வாங்குவதற்கு முன் ஒரு சோதனை

இப்போது இருக்கும் டிஎஸ்எல்ஆரில் இரண்டு நிமிட எக்ஸ்போஷர் பத்துப் பதினைந்து எடுத்துப் பாருங்கள். நட்சத்திரங்கள் வட்டமாக இருந்தால் மேலே படியுங்கள். முட்டை வடிவத்தில் நீண்டிருந்தால் பிரச்சினை மவுண்டிலும் (டெலஸ்கோப்பை வானத்தோடு சேர்த்துத் திருப்பும் தாங்கி) கைடிங்கிலும் (ஒரு நட்சத்திரத்தைப் பார்த்துக்கொண்டே அந்தத் திருப்பத்தைத் திருத்துவது) இருக்கிறது. எந்தக் கேமரா வாங்கினாலும் அது போகாது. அந்தப் பணத்தில் ஒரு சின்ன கைடு ஸ்கோப்பும் கைடு கேமராவும் வாங்குங்கள்.

பெங்களூருக்கென்று ஒரு தனித் தொல்லை உண்டு. மவுண்டின் அச்சைத் துருவ நட்சத்திரத்தின் பக்கம் நேராக்க வேண்டும், அதுதான் போலார் அலைன்மெண்ட். நாம் ஏறக்குறைய 13 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறோம். அதனால் துருவ நட்சத்திரம் அடிவானத்திலிருந்து 13 டிகிரி உயரத்தில்தான் இருக்கும். பக்கத்தில் நாலு மாடிக் கட்டடம் ஒன்று இருந்தால் போதும், அதைப் பார்க்கவே முடியாது. அதற்காகக் கவலைப்பட வேண்டாம். கேமராவையும் மவுண்டையும் கணினியிலிருந்து இயக்கும் நினா மென்பொருளில் மூன்று புள்ளி போலார் அலைன்மெண்ட் என்று ஒரு இணைப்பு இருக்கிறது. வானத்தின் எந்தப் பக்கம் திறந்திருக்கிறதோ அங்கே மூன்று படம் எடுத்து, நட்சத்திரங்களை அடையாளம் கண்டு, மவுண்டை எந்தப் பக்கம் எவ்வளவு திருப்ப வேண்டும் என்று அதுவே சொல்லிவிடும். அஸ்ட்ரோ கேமராவோடு லேப்டாப்பும் மாடிக்கு வந்துவிடுவதால் இந்த வசதி கூடவே வந்துவிடுகிறது. என்னைக் கேட்டால், நம் ஊர்க்காரருக்கு இந்த மாற்றத்தில் கிடைக்கும் முதல் லாபமே இதுதான்.

இன்னொன்று. படத்தில் சாய்வாகக் கோடு கோடாக வரும் இரைச்சலுக்குக் கேமராவைத் திட்டாதீர்கள். அது டித்தரிங் செய்யாததால் வருவது. சில படங்களுக்கு ஒருமுறை மவுண்டைச் சில பிக்சல் நகர்த்திவிட்டு எடுத்தால், படங்களை ஒன்றாக அடுக்கிச் சேர்க்கும்போது, அதாவது ஸ்டாக் செய்யும்போது, கோடு கரைந்துவிடும். டிஎஸ்எல்ஆரிலேயே இதைச் சரிசெய்து பார்த்துவிடுங்கள்.

காசு கொடுத்து எதை வாங்குகிறோம்

முதலாவது, சிவப்பு. நெபுலாக்களில் ஹைட்ரஜன் வாயு 656.3 நானோமீட்டர் அலைநீளத்தில் ஒளிர்கிறது. சாதாரணக் கேமராவில் சென்சாருக்கு முன்னால் இருக்கும் ஃபில்டர், மனிதத் தோலின் நிறம் இயல்பாக வரவேண்டும் என்பதற்காக, இந்தச் சிவப்பில் பெரும் பகுதியை வெட்டிவிடும். அஸ்ட்ரோ கேமராவில் அந்த ஃபில்டர் இல்லை. ரோசெட் நெபுலா டிஎஸ்எல்ஆரில் வெளிறிய புகை மாதிரி தெரிந்ததும், இதில் அழுத்தமான சிவப்பாக வருவதும் இதனால்தான்.

இரண்டாவது, குளிரூட்டல். இதைப் பற்றி ஐரோப்பியர்கள் எழுதியதைப் படித்துவிட்டு நாம் தப்பாகப் புரிந்துகொள்கிறோம். சென்சாரில் இரைச்சலைக் கிளப்பும் வெப்ப மின்னோட்டம் ஏறக்குறைய ஆறேழு டிகிரி குறையும்போதெல்லாம் பாதியாகும் என்பது உண்மை. ஆனால் பெங்களூரு நகருக்குள் வானமே வெளுத்துக் கிடக்கிறது. அந்த வான வெளிச்சம் தரும் இரைச்சலுக்கு முன்னால் சென்சாரின் இரைச்சல் பல சமயம் கணக்கிலேயே வராது. நமக்குக் குளிரூட்டலின் பெரிய பயன் வெப்பநிலை நிலையாக நிற்பது. டிஎஸ்எல்ஆரில் ராத்திரி எட்டு மணிக்கு ஒரு வெப்பம், பன்னிரண்டு மணிக்கு வேறு வெப்பம். சென்சாரின் இரைச்சலைக் கழிப்பதற்காக மூடி போட்டு எடுக்கும் டார்க் படங்கள் ஒருநாளும் சரியாகப் பொருந்தாது. அஸ்ட்ரோ கேமராவில் பூஜ்ஜியம் டிகிரி என்று வைத்தால் மார்கழியிலும் சித்திரையிலும் அதே பூஜ்ஜியம்தான். ஒருமுறை எடுத்த டார்க்கை மாதக்கணக்கில் பயன்படுத்தலாம்.

எந்தக் கேமரா

முதல் கேமராவாகக் கலர் கேமரா வாங்குங்கள். மோனோ, அதாவது கறுப்பு வெள்ளைக் கேமராவின் தரம் உயர்ந்ததுதான். ஆனால் அதற்கு ஃபில்டர் வீல், அதற்குள் வரிசையாக ஃபில்டர்கள், ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் படம் என்று வேலை வளரும். நம் ஊரில் மேகம் விட்டுக்கொடுக்கும் ராத்திரிகளுக்கு அது கட்டாது.

அப்புறம், கிரகங்களைப் படமெடுப்பதற்கென்று வரும் சின்ன, குளிரூட்டாத கேமராக்களோடு இதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். விலை குறைவு என்று அதை வாங்கி நெபுலா எடுக்கக் கிளம்புகிறவர்கள் நிறைய. வியாழனுக்கும் சனிக்கும் அது அருமையான சாமான். நீண்ட எக்ஸ்போஷருக்கு அதை வைத்துக்கொண்டு அல்லாட வேண்டாம்.

குளிரூட்டிய கலர் கேமராக்களில் பெயர்ப் பலகை எதுவாக இருந்தாலும் உள்ளே இருப்பது பெரும்பாலும் சோனி சென்சார். ஆகவே பிராண்டை விட்டுவிட்டு சென்சார் எண்ணைப் பாருங்கள். புதியவர்கள் தேர்ந்தெடுக்க வேண்டியது இரண்டுக்குள்தான். ஒன்று ஐஎம்எக்ஸ்533: 11.3 மி.மீ. பக்கமுள்ள சதுரம், 90 லட்சம் பிக்சல். மற்றது ஐஎம்எக்ஸ்571: 23.5க்கு 15.7 மி.மீ., 2.6 கோடி பிக்சல், டிஎஸ்எல்ஆரின் ஏபிஎஸ்-சி அளவேதான். இரண்டிலும் பிக்சல் 3.76 மைக்ரான். இரண்டிலும் ஓரத்தில் தீ பிடித்த மாதிரி வரும் ஆம்ப் குளோ கிடையாது. இசட்டபிள்யூஓ கம்பெனியின் ஏஎஸ்ஐ533, ஏஎஸ்ஐ2600 கேமராக்களில் இருப்பவை இவைதான். மற்ற கம்பெனிகளும் இதே சென்சார்களைப் போட்டு விற்கின்றன.

உங்கள் டெலஸ்கோப்புக்கு எது பொருந்தும் என்று பார்க்க ஒரு சின்னக் கணக்கு போதும். பிக்சல் அளவை 206ஆல் பெருக்கி, குவியத் தூரத்தால் வகுங்கள். 400 மி.மீ. டெலஸ்கோப்பில் 3.76 மைக்ரான் பிக்சல் ஏறக்குறைய 1.9 வில்விநாடியைப் பிடிக்கும் (ஒரு டிகிரியில் 3600இல் ஒரு பங்கு ஒரு வில்விநாடி). கட்டடச் சூடும் காற்றும் கலங்கடிக்கும் நகர வானத்துக்கு 1.5லிருந்து 2.5 வரை இருந்தால் நல்லது. வானத்தில் எவ்வளவு இடம் படத்தில் விழும் என்பதற்கு, சென்சார் அகலத்தை 57ஆல் பெருக்கி அதே குவியத் தூரத்தால் வகுக்க வேண்டும். 533இல் 1.6 டிகிரி வரும், அதாவது முழு நிலவு மூன்றை வரிசையாக வைத்த அகலம். 571இல் 3.3 டிகிரி. ஆண்ட்ரோமெடா கேலக்ஸி முழுசாக வேண்டுமென்றால் 571தான். ஓரியன், லகூன், ரோசெட் போன்றவற்றுக்கு 533 போதும்.

என் தேர்வு 533. காரணம் விலை மட்டும் இல்லை. பெரிய சென்சார் வாங்கினால் ஓரம் வரை நட்சத்திரம் கூர்மையாக இருக்க நல்ல ஃபிளாட்னர் (படத்தின் ஓரங்களை நேராக்கும் லென்ஸ்) வேண்டும், சென்சார் துளி சாய்ந்திருந்தாலும் மூலையில் காட்டிக்கொடுக்கும், கணினியும் திணறும். 533இன் ஒரு படம் 18 எம்பி, 571இன் ஒரு படம் 52 எம்பி. ஒரு நிமிட எக்ஸ்போஷராக நாலு மணி நேரம் எடுத்தால் 240 படம். முன்னது நாலேகால் ஜிபி, பின்னது பன்னிரண்டரை ஜிபி. எட்டு ஜிபி ராம் வைத்த பழைய லேப்டாப்பில் அதை ஸ்டாக் செய்ய விட்டுவிட்டுத் தூங்கப் போகலாம்.

வாங்கும்போது ஒரு விவரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். சில மாடல்களில் முன் கண்ணாடி அகச்சிவப்பை வெட்டும். சிலவற்றில் அது வெறும் பூச்சுக் கண்ணாடிதான். பின்னது என்றால் தனியாக ஒரு யுவி/ஐஆர் கட் ஃபில்டர் வேண்டும், இல்லாவிட்டால் நட்சத்திரங்கள் ஊதிப்போகும். வெளிநாட்டுத் தளத்தில் விலை குறைவாகத் தெரிந்தாலும் சுங்கமும் ஜிஎஸ்டியும் சேர்ந்தால் கணக்கு மாறிவிடும். இந்திய விற்பனையாளரிடம் வாங்கினால் வாரண்டிக்கு அலைய வேண்டியிருக்காது.

மிச்சப் பணத்தில் ஃபில்டர்

571 வாங்காமல் மிச்சம் பிடித்த பணத்தில் ஒரு டூயோபேண்ட் ஃபில்டர் வாங்குங்கள். ஹைட்ரஜனின் 656.3, ஆக்சிஜனின் 500.7 ஆகிய இரண்டு அலைநீளங்களைச் சுற்றி ஒரு குறுகிய பட்டையை மட்டும் விட்டு மற்ற வெளிச்சத்தையெல்லாம் மறித்துவிடும். ஏழு நானோமீட்டர் அகலம் தாராளமாகப் போதும். பழைய சோடியம் விளக்குகள் 589 நானோமீட்டரை ஒட்டிய மஞ்சளில் எரிந்ததால் அவற்றைத் தனியே வெட்டுவது சுலபமாக இருந்தது. இப்போது தெருவெல்லாம் எல்இடி. அதன் வெள்ளை வெளிச்சம் எல்லா நிறத்திலும் பரவிக் கிடக்கிறது. பழைய பாணி ஒளிமாசு ஃபில்டர்கள் இதற்கு முன்னால் திணறுகின்றன. டூயோபேண்ட் அப்படியில்லை. ஆனால் இது ஒளிரும் வாயு நெபுலாக்களுக்கு மட்டும்தான். கேலக்ஸி, நட்சத்திரக் கொத்து, கார்த்திகைக் கூட்டத்தைச் சுற்றியிருக்கும் நீலத் தூசு ஆகியவற்றுக்கு இதைப் போட்டால் உள்ளதும் போய்விடும்.

கரன்ட், கேபிள்

குளிரூட்டிக்கு 12 வோல்ட், 3 ஆம்பியர் வரை வேண்டும். படம் எடுப்பது யுஎஸ்பி வழியாக, குளிரூட்டுவது இந்தத் தனி வயர் வழியாக. மவுண்ட், லென்ஸில் பனி படியாமல் காக்கும் ஹீட்டர் எல்லாவற்றையும் சேர்த்து 12 வோல்ட் 10 ஆம்பியர் அடாப்டர் ஒன்று வைத்துக்கொண்டால் நிம்மதி. எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டில் கிடைக்கும். பின்னின் அளவையும், நடுமுனை பாசிட்டிவா என்பதையும் மல்டிமீட்டர் வைத்துப் பார்த்த பிறகே கேமராவில் சொருகுங்கள். கடைக்காரர் "எல்லாம் ஒண்ணுதான் சார்" என்று சொன்னால் சிரித்துவிட்டு மறுபடியும் ஒருமுறை பாருங்கள்.

பெரும்பாலான வீடுகளில் மொட்டை மாடி பிளக் பாயிண்ட் யுபிஎஸ் லைனில் இருக்காது. கரன்ட் போன அடுத்த நொடி கேமரா துண்டிக்கப்படும், மவுண்ட் தன் இடத்தை மறந்துவிடும். கீழ்த்தளத்தில் யுபிஎஸ் லைன் இருக்கும் பாயிண்டிலிருந்து ஒரு நீள வயர் இழுத்துக்கொள்ளுங்கள், அல்லது 12 வோல்ட் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி வாங்குங்கள். பைக் பேட்டரி மாதிரியான 7 ஆம்பியர் மணி பேட்டரி இரண்டு மணி நேரத்திலேயே கையை விரித்துவிடும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸைத் தரையில் போடாமல் ஒரு செங்கல் மேல் வையுங்கள். தை மாதப் பனியில் விடியற்காலை தரை ஈரமாகிவிடும்.

யுஎஸ்பி கேபிளை மவுண்டின் தலையில் ஒரு இடத்தில் கட்டிவிடுங்கள். டெலஸ்கோப் திரும்பும்போது இழுபடாத அளவுக்குத் தொய்வு இருக்கட்டும். மூன்று மீட்டருக்கு மேல் நீளக் கேபிள் வேண்டாம். அதற்குப் பதிலாக ஒரு மினி பிசியை மவுண்டிலேயே கட்டி, வைஃபை வழியாக வீட்டுக்குள்ளிருந்து இயக்கலாம். இசட்டபிள்யூஓவின் ஏஎஸ்ஐஏர் பெட்டியும் இதே வேலையைச் சுலபமாகச் செய்யும். ஆனால் அதற்குப் பிறகு கேமரா, கைடு கேமரா எல்லாம் அந்த ஒரே கம்பெனியிடம்தான் என்றாகிவிடும். எனக்கு அந்தக் கட்டு பிடிப்பதில்லை. நினாவும், கைடிங் செய்யும் பிஎச்டி2 மென்பொருளும் இலவசம்.

55 மில்லிமீட்டர்

ஃபிளாட்னர் வைத்த டெலஸ்கோப்புகளில் பலவற்றுக்கு, ஃபிளாட்னரின் பின்பக்கத்திலிருந்து சென்சார் வரை 55 மி.மீ. இருக்க வேண்டும். கேனன் டிஎஸ்எல்ஆரில் உடம்பு 44, கேமராவை டெலஸ்கோப்பில் மாட்டும் டி-ரிங் வளையம் 11, மொத்தம் 55 என்று அது தானாகவே அமைந்துவிட்டதால் நீங்கள் யோசித்திருக்க மாட்டீர்கள். அஸ்ட்ரோ கேமராவில் இதை நாமே கட்ட வேண்டும். ஏஎஸ்ஐ533இல் முன்விளிம்பிலிருந்து சென்சார் 17.5 மி.மீ. உள்ளே இருக்கிறது. பெட்டியோடு வரும் 21, 16.5 மி.மீ. வளையங்களைச் சேர்த்தால் 55 ஆகிவிடும். நடுவில் ஃபில்டர் வைத்தால் அதன் தடிமனில் மூன்றில் ஒரு பங்கைக் கூட்டிக்கொள்ளுங்கள். 2 மி.மீ. ஃபில்டருக்கு 0.7 மி.மீ. மெல்லிய வளையம். நடுவில் நட்சத்திரம் கூர்மையாக இருந்து மூலைகளில் மட்டும் வால் முளைத்தால் முதலில் இந்தத் தூரத்தை அளந்து பாருங்கள்.

வீட்டுக்குள்ளேயே ஒத்திகை

புதுக் கேமராவை நேராக மாடிக்குக் கொண்டுபோகாதீர்கள். ஹாலில், மேசை மேல் வைத்து எல்லாவற்றையும் ஒருமுறை செய்து பாருங்கள். டிரைவர் போடுங்கள், நினாவில் கேமராவை இணையுங்கள், குளிரூட்டியை முடுக்குங்கள். திரையில் வெப்பம் 26, 24, 21 என்று இறங்குவதையும் பக்கத்தில் குளிரூட்டியின் சதவீதம் ஏறுவதையும் கவனியுங்கள். கேட்ட வெப்பத்தை அடைந்தபின் அந்தச் சதவீதம் எண்பதுக்குக் கீழே நிற்க வேண்டும். நூறிலேயே முட்டிக்கொண்டு நின்றால் நீங்கள் கேட்பது அதிகம். இந்தக் கேமராக்கள் சுற்றுப்புறத்தைவிட 35 டிகிரி வரைதான் குறைக்கும். சித்திரை மாதம் ராத்திரி எட்டு மணிக்கு மாடி 28 டிகிரி இருக்கும்போது மைனஸ் பத்து கேட்டால் அது எங்கே போகும்? வருஷம் முழுக்கப் பூஜ்ஜியம் என்று வைத்துக்கொள்வதே நமக்கு வசதி.

கெயின் (டிஎஸ்எல்ஆரின் ஐஎஸ்ஓ மாதிரி): இசட்டபிள்யூஓவின் 533க்கும் 2600க்கும் 100. அந்த இடத்தில் சென்சார் உள்ளுக்குள் வேறு நிலைக்கு மாறி, படிக்கும்போது வரும் இரைச்சல் சட்டென்று குறையும். மற்ற கம்பெனிகளின் எண் முறை வேறு, அவர்களுடைய வரைபடத்தைப் பாருங்கள். ஆஃப்செட்டைத் தொடவே வேண்டாம்.

மூடியைப் போட்டபடியே ஒரு படம் எடுத்து ஃபிட்ஸ் என்னும் வானியல் படக் கோப்பாகச் சேமித்துத் திறந்து பாருங்கள். பிறகு மூடியைக் கழற்றி, அறை வெளிச்சத்தில் மிகக் குறைந்த எக்ஸ்போஷரில் ஒன்று. இரண்டாவது படத்தைப் பெரிதாக்கினால் நிறமே இல்லாமல், சாம்பல் நிறத்தில் சின்னச் சின்னக் கட்டங்களாகத் தெரியும். கேமரா பழுது இல்லை. ஒவ்வொரு பிக்சலும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகியவற்றில் ஒன்றை மட்டும் பார்க்கிறது. அதை நிறமாகச் சேர்ப்பது சிரில் போன்ற மென்பொருளின் வேலை. வானத்தில் எடுக்கும் படம் முதல் பார்வைக்குக் கறுப்பாகவே இருக்கும். நினாவில் ஆட்டோ ஸ்ட்ரெட்ச் பட்டனை அழுத்தினால் நெபுலா எழுந்து வரும்.

முதல் ராத்திரி

பகலிலேயே தூரத்து செல்போன் கோபுரத்தை வைத்துத் தோராயமாக ஃபோக்கஸ் செய்து, ஃபோக்கசர் குழாயில் பென்சிலால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். டெலஸ்கோப் சூரியன் பக்கம் திரும்பாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ராத்திரி பிரகாசமான நட்சத்திரம் ஒன்றில், பஹ்தினோவ் மாஸ்க் (டெலஸ்கோப் வாயில் மாட்டும், வரிவரியாக வெட்டிய மூடி) போட்டு மூன்று விநாடி எக்ஸ்போஷர் எடுத்தால் எக்ஸ் மாதிரி இரண்டு கோடும் நடுவில் ஒரு கோடும் தெரியும். நடுக்கோடு சரியாக மத்தியில் வரும் வரை திருப்புங்கள். மாஸ்க்கை எடுக்க மறக்காதீர்கள்.

டூயோபேண்ட் இல்லாமல் எஃப்/5, எஃப்/6 டெலஸ்கோப்பில் 30லிருந்து 60 விநாடி. டூயோபேண்ட் போட்டால் 180லிருந்து 300. நகர வானத்தில் அதற்கு மேல் நீட்டுவதால் லாபமில்லை, எண்ணிக்கையைக் கூட்டுங்கள். முடிக்கும்போது கேமராவைப் பிடுங்காமல், மென்பொருளில் வெப்பத்தைப் படிப்படியாக ஏற்றிவிட்டு நிறுத்துங்கள்.

மாடிக்கு யாராவது வந்தால், முன்பு மாதிரி கேமராவின் சின்னத் திரையை எட்டிப் பார்க்க வேண்டியதில்லை. "அண்ணா, கேமரா எங்கே?" என்று பக்கத்து வீட்டுப் பையன் கேட்பான், ஏனென்றால் அது ஒரு சிவப்பு டப்பா மாதிரிதான் இருக்கும். லேப்டாப்பைக் காட்டுங்கள். ஆனால் படம் ஓடும்போது மவுண்ட் பக்கத்தில் யாரையும் நடக்க விடாதீர்கள். மாடித் தளம் அதிர்வது கைடிங் வரைபடத்தில் அப்படியே தெரியும்.

ஃபிளாட்டும் டார்க்கும்

படம் எடுத்து முடித்ததும் கேமராவைத் திருப்பாமல், ஃபோக்கஸை மாற்றாமல், டெலஸ்கோப் வாய்க்கு வெள்ளைத் துணி கட்டி, அதன் மேல் வெள்ளைத் திரை காட்டும் டேப்லெட்டை வைத்து ஃபிளாட், அதாவது சீரான வெளிச்சத்தின் படம், எடுங்கள். பிரகாசத்தைக் குறைத்து ஒன்று இரண்டு விநாடி எக்ஸ்போஷரில் ஹிஸ்டோகிராம் (படத்தின் வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடம்) நடுவை ஒட்டி நிற்கட்டும். முப்பது படம் போதும். அதே நேர அளவுக்கு, மூடி போட்டு டார்க் ஃபிளாட்டும் முப்பது. இதைச் சோம்பல்பட்டு விட்டுவிட்டால், தூசியின் வளையங்களும் ஓரக் கறுப்பும் நகர வெளிச்சத்தோடு சேர்ந்து எடிட்டிங்கில் கழுத்தைப் பிடிக்கும். வேறு எந்தப் படியை விட்டாலும் இதை விடாதீர்கள்.

எதை எடுப்பது

மார்கழி முதல் மாசி வரை வானம் தெளிவு. ஓரியன், குதிரைத்தலை, ரோசெட் மூன்றும் நமக்கு உச்சிக்குப் பக்கத்தில் வரும், வெளிச்சப் படலத்தின் மெல்லிய பகுதி அதுதான். பங்குனியில் தெற்குப் பக்கம் பாருங்கள். ஈட்டா கரினா நெபுலா நமக்கு 17 டிகிரி உயரம் வரை ஏறும். டெல்லியில் அது அடிவானத்தை ஒட்டி இரண்டு டிகிரிகூட ஏறாது. ஓசூர் பக்கத்து வெளிச்சம் குறுக்கே நிற்கும்தான், ஆனால் டூயோபேண்ட் போட்டால் ஊடுருவிவிடலாம். அவ்வளவு பிரகாசமான நெபுலா அது. சித்திரையில் ஒமேகா சென்டாரி கொத்து 30 டிகிரி உயரத்தில் கிடைக்கும். அதற்கு ஃபில்டரைக் கழற்றிவிடுங்கள்.

மழைக்காலம்

ஆனி தொடங்கி ஐப்பசி வரை கேமராவுக்கு மாடியில் வேலை இருக்காது. அந்த மாதங்களில் டார்க் நூலகத்தை முடித்துவிடுங்கள்: பூஜ்ஜியம் டிகிரி, கெயின் 100, ராத்திரியில் பயன்படுத்தும் ஒவ்வொரு எக்ஸ்போஷர் நேரத்துக்கும் ஐம்பது படம். மூடியைப் போட்டு, மேலே ஒரு கறுப்புத் துணியும் சுற்றி, அலமாரிக்குள் வைத்து ஓட விடுங்கள். கேமராவின் விசிறிக்குக் காற்றுப் போக வழி இருக்கட்டும். வேலை முடிந்தபின் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள். அடுத்த சீசனில் குளிரூட்டியதும் படத்தின் நடுவில் மங்கலான திட்டு தெரிந்தால் சென்சார் அறைக்குள் ஈரம் புகுந்திருக்கிறது. உள்ளே இருக்கும் ஈரம் உறிஞ்சும் மாத்திரைகளை, கேமராவோடு வந்த குறிப்பில் சொன்னபடி மாற்ற வேண்டும்.

டிஎஸ்எல்ஆரை விற்க அவசரப்படாதீர்கள். ஜவ்வாது மலையில் காவலூர்ப் பக்கம் இருட்டு வானம் தேடிப் போகிறவர்களுக்கு, பால்வீதியை அகல லென்ஸில் எடுக்க லேப்டாப்பும் 12 வோல்ட்டும் கேட்காத கேமரா அது ஒன்றுதான்.